காரர் என்று முடிகிற மனிதர்கள்

திருமணமாகிப் பத்து பாகாட் என்ற ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே என் பெயர் தொலைந்துபோனது. அப்பா ஆசையாக வைத்த பெயர். பிறந்த ஊரான மெர்சிங்கில் பள்ளிக்கூடம், படகுத்துறை, அப்பா வேலை பார்த்த மாவட்ட அலுவலகம் என்று எங்கே போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே மாமியார் என்னை வாசலில் நிறுத்தித் தெருவுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"நம்ம மருமக. மெர்சிங்காரப் பொண்ணு."

அதோடு சரி. பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் நானாகப் போய்ச் சொல்ல எனக்கும் வீம்பு. மெர்சிங்காரப் பொண்ணு கொஞ்ச நாளில் மெர்சிங்காரக்கா ஆனாள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு மெர்சிங்காரம்மா ஆனாள். பதவி உயர்வு மட்டும் காலாகாலத்தில் கிடைத்தது.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. அவர்கள் பாசமாகத்தான் கூப்பிட்டார்கள், அது தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நீ இங்கே பிறந்தவள் இல்லையே என்று யாரோ காதில் சொல்வதுபோல இருக்கும். எத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாலும், என் பின்னால் மெர்சிங் வந்துகொண்டே இருந்தது. போதாக்குறைக்கு மீன் வேறு. மெர்சிங் என்றால் மீன்பிடி ஊர், மெர்சிங்காரிக்கு மீன் தெரியாமல் இருக்குமா என்பது எங்கள் தெருவின் முடிவு. எங்கள் வீடோ யாழ்ப்பாணத்துச் சைவ வீடு. கடலைச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சந்தையில் யாராவது ஒரு மீனைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்து, "மெர்சிங்காரம்மா, இது புதுசான்னு பாருங்களேன்" என்பார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு செவுளை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். அதை வாங்கிச் சமைத்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்கள் செய்த புண்ணியம்.

நான் இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி ஆசிரியை. சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் துணுக்குகளை மலாயில் இம்புஹான் என்பார்கள். அதைக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவள். அதனாலேயோ என்னவோ, என்னைத் துரத்திய இந்தக் காரரின் பூர்வீகத்தை விசாரிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. போலீஸ்காரர்கூட அப்படித் தோண்டியிருக்கமாட்டார்.

வடமொழியில் காரர் என்றால் செய்கிறவர். கும்பகாரர் குடம் செய்கிறவர். அங்கிருந்து கிளம்பியது மலையாளத்தில் காரன், கன்னடத்தில் கார, சிங்களத்தில் காரயா என்று வீட்டுக்கு வீடு குடியேறியது. மராத்தியர் ஊர்ப் பெயரோடு கர் சேர்த்துக் குடும்பப் பெயராகவே வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் இதே வம்சம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பாரசீகத்தில் அதற்கு ஒரு பங்காளி, அங்கேயும் கர்தான். அந்தக் கர், சௌதாகர் என்ற சொல்லின் வாலில் தொற்றிக்கொண்டு கப்பலேறி வந்து, வியாபாரி என்ற அர்த்தத்தில் மலாய்மொழியில் இன்றைக்கும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. மலாயில் வான் என்று இன்னொரு பின்னொட்டு உண்டு. உசாஹாவான் என்றால் தொழில்முனைவர், ஹார்த்தாவான் என்றால் செல்வந்தர். நம் தனவானிலும் பாக்கியவானிலும் இருக்கிற அதே வான்தான் என்று வகுப்பில் சொல்லும்போது தமிழ்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் ஆசையோடு எடுத்தேன்.

தமிழுக்கு வந்த காரர் தன் பழைய வேலையை விட்டுவிட்டார். பால்காரர் பாலைச் செய்வதில்லை, அதை மாடு பார்த்துக்கொள்கிறது. பணக்காரர் பணத்தைச் செய்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். கோபக்காரி மட்டும்தான் கோபத்தைத் தானே செய்கிறாள் என்பார் என் வீட்டுக்காரர், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. ஊர்க்காரர் ஊரைச் செய்கிறவரா என்று நான் பதிலுக்குக் கேட்பேன். பத்து பாகாட்டிலேயே பிறந்து, பத்து பாகாட்டிலேயே துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருக்குப் பின்னால் ஊர் தொங்கவில்லை. சொந்த ஊரில் இருப்பவரை யாரும் ஊர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

எங்களுக்கு இடப்பக்க வீட்டில் குடியிருப்பவர் சாஆக்காரர்.

சாஆ என்கிற சிற்றூருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மனைவி இறந்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாத மனிதர், தனி ஆளாக இங்கே வந்து ஓர் ஆலையில் வேன் ஓட்டினார். வாடகை வீட்டுக்குச் சாமான் இறக்கிய அன்று என் கணவர் வேலிக்கு மேலே எட்டி, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். "சாஆ" என்றார் அவர். அந்த நிமிடமே அவருக்கும் பெயர் போயிற்று. எங்கள் மலாய் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு, உங்கள் மொழியில் ஆள் முன்னால் வருவார், ஊர் பின்னால் வரும் என்று. ஓராங் சாஆ. மூலை வீட்டுச் சீன ஹொக்கியன் ஆண்ட்டியின் மொழியில் லாங் என்றால் ஆள், அது நம்மைப் போலவே பின்னால் வரும். சாஆ-லாங். முன்னால் போட்டும் பின்னால் போட்டும் மூன்று மொழியிலும் அந்த மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் குறை தெரியவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுத்தபோது உறையின் மேல் 'திரு. சாஆக்காரர் அவர்கள்' என்று எழுதியே கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். "கவர்மெண்டு லெட்டர் மாதிரி இருக்கும்மா" என்றார். அப்போதாவது பெயரைக் கேட்டிருக்கலாம்.

அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டு வானொலியில் செய்தி ஓடினால் எங்கள் வீட்டில் கேட்கும், நான் என் கணவரைத் திட்டினால் அவர் வீட்டில் கேட்கும். மறுநாள் வேலியோரம் நின்று, "நேத்து கொஞ்சம் காட்டமா இருந்திச்சி போல" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துச் சொல்வார். பதிலுக்குத் திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு கை நிறைய கறிவேப்பிலையை நீட்டிவிடுவார். அந்த மனிதரோடு சண்டை போட எனக்கு ஒரு நாளும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு தடவை அவர் வேடிக்கை இல்லாமல் பேசினார். அவர் மனைவியின் திதி அன்று. வடை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"வண்டிய எடுத்து ஓரமா விட்டுட்டு வர்றேன்னு போனேம்மா. திரும்பி வர்றதுக்குள்ள அவள ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க. தனியாதான் போனா. அப்புறம் வெளிய வரல."

நான் வடைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"செத்துப்போறதுல எனக்கு ஒண்ணும் பயமில்ல. உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு பக்கத்துல இருக்கணும். அவ்ளோதான் கேப்பேன்."

"நாங்க இருக்கோமில்ல" என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஹொக்கியன் ஆண்ட்டி எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் மலாயில் படபடவென்று கொட்டினார். சாஆ-லாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். ஆண்ட்டிதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். ஏற்றும்போது ஆப்பரேசன் என்று பேசிக்கொண்டார்களாம். என் கணவர் அந்த நேரம் பார்த்து முடிவெட்டப் போயிருந்தார்.

சாஆக்காரருடைய கைப்பேசிக்கு அடித்தேன். சுவருக்கு அந்தப்பக்கம், பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது. கைப்பேசி இல்லாமல் போயிருக்கிறார். தனியாகப் போயிருக்கிறார்.

பாதி முடிவெட்டோடு வந்த கணவரையும், சூடான தண்ணீர்ப் புட்டியோடு தானாகவே காரில் ஏறிக்கொண்ட ஆண்ட்டியையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கார் நிறுத்த இடம் தேடித் தாமதிக்கக்கூடாது என்று காரைக் கணவரிடம் விட்டுவிட்டு நானும் ஆண்ட்டியும் வாசலிலேயே இறங்கி உள்ளே ஓடினோம். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் கணினியைப் பார்த்தபடி, "நாமா பெசாக்கிட்?" என்று கேட்டாள். நோயாளியின் பெயர்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனிக்கு வந்தது சாஆக்காரர் என்பது மட்டும்தான்.

திரும்பி ஆண்ட்டியைப் பார்த்தேன். ஆண்ட்டி என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே இருவருக்கும் விளங்கிவிட்டது. இத்தனை வருடமாகக் கறிவேப்பிலை வாங்கியிருக்கிறோம், பெருநாளுக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டிருக்கிறோம், அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுகூட எனக்குத் தெரியும். பெயர் தெரியாது.

"எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன் மலாயில். "ஓராங் சாஆ."

"பெயர், புவான்?" அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இந்தியர். வயதானவர். மதியம் ஆம்புலன்சில் வந்தார். வயிற்று வலி."

அந்தப் பெண் கோபப்படவில்லை, பாவம். அடையாள அட்டை எண் தெரியுமா என்றாள். தெரியாது. முகவரி? எங்கள் தெருவைச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு அப்படி யாரும் பதிவில் இல்லை என்றாள். இருக்காதுதான். அவருடைய அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருந்திருக்க வேண்டும். அந்தத் தோட்டத்தின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. இதற்குள் வந்து சேர்ந்த என் கணவர், "இரு, வீட்டுக்காரரக் கேப்போம்" என்று அவருடைய வாடகை வீட்டின் சொந்தக்காரருக்கு அடித்தார். அவர் நிதானமாகச் சொன்னார், "நானும் போன்ல சாஆன்னுதாங்க போட்டு வச்சிருக்கேன். நல்ல மனுசன், பேரு கேக்கத் தோணல."

பெயர் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றாள் அந்தப் பெண். மதியம் ஆம்புலன்சில் வந்தவர்கள் சிலரில் யார் என்று அவளால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவள் சொன்னது நியாயம்தான். காத்திருங்கள், அவசரப் பிரிவில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கேட்டுவிட்டு வந்து, இரண்டு மூன்று பேரை அறுவை சிகிச்சைக்குத் தயார்செய்துகொண்டிருக்கிறார்களாம், யாருக்கும் நேரமில்லை என்றாள்.

நாற்காலி வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவரை இந்நேரம் உள்ளே தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தெரிந்த மூஞ்சி. அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"என்ன ஊருங்க இது. ஒரு மனுசனுக்குப் பேரு இருக்குமின்னு ஒருத்தருக்கும் தோணலியா? எல்லாத்துக்கும் காரர், காரர், காரர்" என்று கணவரிடம் பாய்ந்தேன்.

"நீயும்தான் கேக்கல" என்றார் அவர். பாதித் தலை முடியோடு அவர் அதைச் சொன்னபோது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஆண்ட்டி புட்டியைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். அவருக்கு நாங்கள் பேசிய தமிழ் புரியவில்லை. ஆனால் எதற்காகச் சண்டை என்று புரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் உள்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தாதி வந்தாள். பச்சை உடை, தலைமுக்காட்டின் மேல் தொப்பி. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டாள்.

"ஓராங் மெர்சிங் அடா? சியாப்பா ஓராங் மெர்சிங்?"

மெர்சிங் ஆள் யாராவது இருக்கிறீர்களா என்கிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிற யாரையோ தேடுகிறாள் என்று நினைத்து நானும் மற்றவர்களைப் போலத் திரும்பிப் பார்த்தேன். நான் மெர்சிங்கை விட்டு வந்து எத்தனை காலம். என் கணவர் என் முழங்கையில் இடித்தார்.

"உன்னத்தான் கூப்புடுது."

எழுந்தேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

நடந்துகொண்டே தாதி சொன்னாள். குடல்வால் வெடித்துவிட்டதாம். கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் படுக்கையை நகர்த்தவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாராம். சொந்தம் யாராவது வருவார்களா என்று கேட்டதற்கு, ஓராங் மெர்சிங் வருவார் என்று மட்டும் சொன்னாராம். பெயர் கேட்டால் தெரியாது என்கிறாராம். "மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்" என்றாள். "இருந்தாலும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போமே என்று வந்தேன்."

அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

திரைக்குப் பின்னால் அவர் கிடந்தார். முகம் வெளிறி, உதடு காய்ந்து, பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"வந்துட்டீங்களா, மெர்சிங்காரம்மா."

"வந்துட்டேன். வராம எங்க போவேன்."

"உங்க பேர கேட்டாங்கம்மா. எனக்குச் சொல்லத் தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க."

உங்கள் பெயர் எங்களுக்கும் தெரியவில்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் எழுதியிருந்தது. கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டேன். குனிந்து பார்க்கவும் கூச்சமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் உருண்டது. தாழ்வாரம் முழுக்கக் கூடவே நடந்தேன். நேற்று வானொலி ஏன் அவ்வளவு சத்தமாக இருந்தது என்று கேட்டேன். "நீங்க சண்ட போடுறது கேக்கக்கூடாதுன்னுதான்" என்றார். அறுவை அறைக் கதவு வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியாகக் கண்ணை மூடி ஒரு தலையசைப்பு. போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி.

மேல்மாடிக் காத்திருப்புக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்தோம். ஆண்ட்டி பையிலிருந்து பிஸ்கட் எடுத்தார். யாருக்கும் இறங்கவில்லை. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊர் ஆக்கள்?" என்பதுதான். பெயரைப் பிறகுதான் கேட்பார், சில சமயம் கேட்கவே மாட்டார். ஊர் தெரிந்துவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் போடச் சொல்லுவார். அதை நான் குறையாக ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்த ஊரில் எனக்கும் முதல் நாளே நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்துகொண்டே இத்தனை காலமும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது நான்தான்.

வெளியே வெளிச்சம் மங்குவதற்குள் கதவு திறந்தது. வேறு ஒரு தாதி, வயதில் இளையவள், ஒரு முழுப்பெயரைப் படித்து, அவருடைய வாரிசு யார் என்று கேட்டாள். தகப்பன் பெயரோடு சேர்த்து நீளமான தமிழ்ப் பெயர். நாங்கள் மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் இரண்டாவது தடவையும் படித்தாள். யாரும் எழவில்லை. ஆண்ட்டி என் காதருகே குனிந்து, "கெசியான்" என்றார். பாவம், அந்த ஆளுக்கு யாருமே வரவில்லை போலிருக்கிறது. நானும் ஆமாம் என்று பெருமூச்சு விட்டேன்.

அந்தப் பெண் குழம்பிப்போய் உள்ளே திரும்பி யாரிடமோ கேட்டாள். மறுபடி எங்கள் பக்கம் வந்தாள்.

"ஓராங் சாஆ?" என்றாள் சந்தேகத்தோடு. "ஓராங் சாஆவின் குடும்பம்?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். அவள் என்னைப் பார்த்தாள், பாதி முடிவெட்டிய என் கணவரைப் பார்த்தாள், பிஸ்கட் பொட்டலத்தோடு நின்ற ஹொக்கியன் ஆண்ட்டியைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார் என்றாள். என் கணவர் அப்படியே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஆண்ட்டி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒருவர்தான் உள்ளே வரலாம்" என்றாள் தாதி. "அவர் மெர்சிங் ஆளைத்தான் கேட்கிறார். இதில் யார் மெர்சிங்?"

"நான்தான்" என்றேன். "சாயா ஓராங் மெர்சிங்."